ஊடை அறுந்த வீட்டில் திருவருகைக்காலம்

சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் எட்டு விசைத்தறி, கூலிக்கு ஓட்டினார்கள். கூலி கட்டுபடியாகவில்லை. கரண்டு பில்லும் கடனும் சேர்ந்துகொண்டதால், ஆடி மாதம் எட்டையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். வாரத் தவணை வசூலுக்கு வருகிறவர் வாசலில் வந்து நிற்கிறார். கணவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். கோயிலுக்கும் வருவதில்லை. எப்போதாவது வாய் திறந்தால் "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிறார். 2025 நவம்பர் 30, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. பூசையில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றி, "இது எதிர்நோக்கின் மெழுகுவர்த்தி" என்றார்களாம். "எனக்கு எதிர்நோக்க ஒன்றுமே இல்லை சார். பாட்டு வாயில் வரவில்லை. நம்பிக்கை போய்விட்டதென்றால் நான் இன்னும் கிறிஸ்தவள்தானா? இந்த நாலு வாரத்தை எப்படிக் கடப்பது?"

அம்மணி, உங்கள் கேள்விக்குப் போவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அதைத் தள்ளிப்போட முடியாது.

"இருந்து என்ன ஆகப்போகுது" என்பதை அலுப்பில் சொன்ன பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே, பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதுங்களா?" கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்படுவோம். அப்படி வராது. கேட்டதும் பல பேருக்குப் பாரம் கொஞ்சம் இறங்கும். 'ஆமா' என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி கிடைக்கும். காசில்லை, இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் கூப்பிடலாம். நிலைமை கைமீறுவதாகத் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

ஜெபம் பண்ணுகிற வீட்டுக்கு மனநல மருத்துவர் எதற்கு என்று யாராவது சொன்னால் எலியாவின் கதையைச் சொல்லுங்கள். முதல் அரசர் நூல் 19-ஆம் அதிகாரம். கார்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி. அடுத்த சில நாட்களில் அதே ஆள் பாலைவனத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் படுத்து, "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். வந்த வானதூதர் புத்திமதி சொல்லவில்லை, "இவ்வளவுதானா உன் விசுவாசம்" என்று கேட்கவும் இல்லை. தட்டி எழுப்பி, "எழுந்து சாப்பிடு" என்றார். தணலில் சுட்ட அடையும் ஒரு சாடித் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி, மறுபடி சோறு. கடவுள் அவரிடம் பேசியதெல்லாம் அதற்கப்புறம்தான். தூக்கம், சாப்பாடு, கூட ஒரு ஆள். வேதாகமத்தில் மனம் உடைந்தவருக்குக் கிடைத்த முதல் சிகிச்சை இதுதான்.

சரி, இப்போது மெழுகுவர்த்திக்கு வருவோம்.

அது உங்களைக் குத்தியிருக்கிறது. அதனால் அதன் பிறப்பைச் சொல்கிறேன். அந்த மெழுகுவர்த்திகளை வைக்கிற வளையம் பூசைப் புத்தகத்திலிருந்து வந்த பழைய வழிபாடு இல்லை. 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகள் தினமும் அவரைத் துளைப்பார்கள்: "கிறிஸ்துமஸ் எப்போ வரும்? இன்னைக்கா?" அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தியும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். வீடில்லாத பிள்ளைகள் நாளை எண்ணுவதற்காக வந்த சக்கரம் அது. எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று நாலு ஞாயிறு மெழுகுவர்த்திக்கும் பெயர் வைத்ததெல்லாம் பிற்பாடு வந்த வழக்கம். பெயர் நல்லதுதான். ஆனால் அந்தப் பெயருக்கு ஏற்ற உணர்ச்சி மனதில் இல்லாதவர் அங்கே நிற்கக் கூடாது என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

உங்கள் கேள்வியின் முடிச்சு 'நம்பிக்கை போய்விட்டது' என்ற இடத்தில் இருக்கிறது. இங்கே நம் தமிழே நம்மைக் கொஞ்சம் குழப்பிவிடுகிறது.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதம், 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை எடுங்கள். ஈரோட்டிலோ கோவையிலோ சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போகிறவர்கள் கையிலிருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அது "விசுவாசம், நம்பிக்கை, அன்பு". நம் கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". கவனித்தீர்களா? ஒரே சொல், அங்கே இரண்டாவது இடத்தில் நிற்கிறது, இங்கே முதல் இடத்தில். அவர்களுக்கு 'நம்பிக்கை' என்றால் நல்லது வரும் என்று காத்திருப்பது. நமக்கு 'நம்பிக்கை' என்றால் கடவுளைப் பற்றிக்கொள்வது. ஊர்ப் பேச்சிலோ இரண்டுமே நம்பிக்கைதான். "பையன் தேறுவான்னு நம்பிக்கை இருக்கு" என்போம். "அவன் மேல எனக்கு நம்பிக்கை" என்றும் சொல்வோம். அதனால்தான் முதலாவது அறுந்ததும், இரண்டாவதும் கூடவே போய்விட்டதாக நமக்குத் தோன்றிவிடுகிறது. "தறி திரும்ப ஓடும், கடன் அடையும்" என்ற எண்ணம் உங்களுக்குப் போயிருக்கிறது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் கடவுளைப் பிடித்த பிடி போயிருந்தால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கமாட்டீர்கள். விட்டுப் போனவர்கள் "நான் விட்டுவிட்டேனா" என்று கேட்டு ராத்திரி விழித்திருப்பதை நான் பார்த்ததில்லை.

எபிரேய மொழியில் இது இன்னும் சுவாரசியம். தறி ஓட்டின வீட்டுக்காரி நீங்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இருக்காது. எதிர்நோக்குக்கு எபிரேயத்தில் 'திக்வா' என்று ஒரு சொல். அதே சொல்லுக்கு நூல், கயிறு என்றும் பொருள். யோசுவா நூலில் எரிகோ நகரத்து இராகாபு தன் ஜன்னலில் ஒரு சிவப்பு நூற்கயிற்றைக் கட்டிவிட்டுக் காத்திருக்கிறாளே, அங்கே கயிற்றைக் குறிக்க வருவது இந்த 'திக்வா'தான். ஊர் இடிந்து விழப்போகிறது, அவளுக்கும் அது தெரியும். தொழிலும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் ஜன்னலில் கட்டிய ஒரு கயிறும் "வருவோம்" என்று இரண்டு ஒற்றர்கள் சொல்லிப் போன வார்த்தையும்தான். டிசம்பர் 17 அன்று பூசையில் மத்தேயுவின் தலைமுறை அட்டவணையை வாசிப்பார்கள். வாயில் நுழையாத பெயர்கள் வரும், பிள்ளைகள் சிரிக்கும். அதில் இராகாபின் பெயரும் இருக்கிறது. இயேசுவுக்குப் பாட்டி முறை.

யோபு இதே சொல்லை வைத்துத் தறியைப் பற்றியே பேசுகிறார். ஏழாம் அதிகாரம், ஆறாம் வசனம்: "என் நாட்கள் நெய்கிறவன் எறிகிற நாடாவிலும் தீவிரமாய் ஓடுகிறது, அவைகள் நம்பிக்கையில்லாமல் முடிந்துபோம்." இது பழைய மொழிபெயர்ப்பு. அந்த 'நம்பிக்கை' இருக்கிற இடத்தில் எபிரேயத்தில் 'திக்வா'. ஆக யோபு ஒரே மூச்சில் இரண்டு சொல்கிறார்: என் நாட்கள் எதிர்நோக்கில்லாமல் முடிகின்றன, நாடா ஓட ஓட நூலும் தீர்ந்துபோயிற்று. தார்க்கட்டையில் நூல் தீர்ந்த பிறகும் நாடா இங்குமங்கும் வெறுமனே அடித்துக்கொண்டிருப்பதை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சியைத்தான் அவர் தன் வாழ்க்கை என்கிறார். இப்படிப் பேசினவரைத் திருச்சபை வேதாகமத்திலிருந்து வெட்டி எடுக்கவில்லை. கடைசி அதிகாரத்தில் கடவுளே, "என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான்" என்று அவருடைய நண்பர்களிடம் சொல்கிறார். அந்த நண்பர்கள் என்ன செய்தவர்கள்? அதிகாரம் அதிகாரமாக ஆறுதல் சொன்னவர்கள்.

இன்னொன்றும் உண்டு. 'திக்வா' என்ற சொல்லுக்கு மூலமான வினைக்குக் 'காத்திரு' என்று பொருள். முறுக்குவது, இழுத்துப் பிடிப்பது என்பதோடும் அதைச் சேர்த்துச் சொல்வார்கள். எசாயா 40-ஆம் அதிகாரத்தின் முடிவில், கழுகுபோல் இறக்கை விரிப்பதைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வசனம் பழைய மொழிபெயர்ப்பில் "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள்" என்று தொடங்கும். நம்முடையதில் "ஆண்டவர்மேல் நம்பிக்கை வைத்திருப்பவர்" என்று இருக்கும். இரண்டும் சரிதான். நல்லது நடக்கும் என்று மனதுக்குள் ஒரு தெம்பு இருக்கிறதே, அது வேறு. 'திக்வா' இழுவையில் இருக்கிற நூல். இழுபடுகிற நூலுக்குச் சுகம் ஏது? இந்த நாலு வாரமும் உங்களுக்கு வலிக்கிறதென்றால், ஒருவேளை உங்கள் நூல் இழுவையில்தான் இருக்கிறது, அறுந்துவிடவில்லை.

போதும், மொழிப்பாடம் நீண்டுவிட்டது. முப்பது வருடம் ஞாயிறு மறைக்கல்வி எடுத்த பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

இந்த வருடத்து ஞாயிறு வாசகங்களைப் பாருங்கள். மூன்று வருடச் சுழற்சியில் இந்தத் திருவருகைக்காலத்தோடு முதலாம் ஆண்டு, மத்தேயுவின் ஆண்டு, தொடங்கியிருக்கிறது. டிசம்பர் 7, இரண்டாம் ஞாயிறு: திருமுழுக்கு யோவான் யோர்தான் கரையில் இடிமாதிரி முழங்குகிறார். கோடாரி மரத்தின் வேரருகே வைத்தாகிவிட்டது, வருகிறவர் கையில் சுளகோடு வருகிறார், பதரை அணையாத நெருப்பில் எரிப்பார். துளிகூட ஐயமில்லாத குரல். அடுத்த ஞாயிறு, டிசம்பர் 14: அதே யோவான் சிறையில் இருக்கிறார். அவரைப் பிடித்துப் போட்டவன் ஏரோது என்ற ஆட்சியாளன். சாக்கடலுக்குக் கிழக்கே மக்கேருஸ் என்ற அவனுடைய கோட்டையில் என்று யோசேபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அங்கிருந்து சீடர்களை அனுப்பி இயேசுவிடம் கேட்கச் சொல்கிறார்: வரவேண்டியவர் நீர்தானா, இல்லை நாங்கள் வேறு யாரையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

ஒரே வாரத்தில் இந்த இறக்கம். பிரசங்கங்களில் இதை மழுப்பிவிடுவார்கள். "யோவானுக்குச் சந்தேகம் இல்லை, சீடர்களுக்காகக் கேட்டார்" என்று சமாளிப்பார்கள். பழைய உரையாசிரியர்கள் சிலரே அப்படிச் சொன்னதுண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. இருட்டறையில் கிடக்கிற மனிதன் கேட்கிற கேள்வியாகத்தான் அது என் காதில் விழுகிறது. நான் கோடாரி என்றேன், கோடாரி விழவில்லை. நெருப்பு என்றேன், ஏரோது நன்றாகத்தான் இருக்கிறான், நான்தான் உள்ளே இருக்கிறேன். அப்படியென்றால் நான் சொன்னதெல்லாம் என்ன?

இயேசுவின் பதிலைக் கவனமாகப் பாருங்கள். பார்வையற்றோர் பார்க்கிறார்கள், நடக்க முடியாதவர் நடக்கிறார்கள், காது கேளாதோர் கேட்கிறார்கள், இறந்தோர் எழுகிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லப்படுகிறது. போய் யோவானிடம் சொல்லுங்கள். இந்த வரிகள் எசாயாவின் 35, 61-ஆம் அதிகாரங்களை நினைவூட்டுபவை. 35-ஆம் அதிகாரத்தைத்தான் அன்றைக்கு முதல் வாசகமாகவும் வைத்திருக்கிறார்கள். ஆனால் 61-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இன்னொரு வரி உண்டு: சிறைப்பட்டோருக்கு விடுதலை. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசுவே அதை வாசித்ததாக லூக்கா எழுதுகிறார். யோவானுக்கு அனுப்பிய பதிலில் அந்த வரியை விட்டுவிட்டார்.

யோவானுக்கு எசாயா மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். விட்டுப்போன வரி எது என்று அவருக்குப் புரிந்திருக்கும். அவர் வெளியே வரவில்லை. ஒரு விருந்து நாளில் தலை போயிற்று.

இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. "ஜெபம் பண்ணுங்க, தறி திரும்ப வரும்" என்று சொல்கிறவர்கள் உங்களுக்குக் கிடைப்பார்கள். வரலாம், நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் திருவருகைக்காலம் தருகிற எதிர்நோக்கு அந்த உத்தரவாதம் அல்ல. யோவானுக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்: நீ காத்திருந்தது வீண்போகவில்லை, வேலை நடக்கிறது, நீ இருக்கிற இடத்திலிருந்து அது உன் கண்ணில் படவில்லை. அப்புறம் அந்தச் சீடர்கள் திரும்பிப் போனதும் இயேசு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது முக்கியம். யோவான் காற்றில் ஆடும் நாணல் அல்ல. பெண்களிடம் பிறந்தவர்களில் அவரைவிடப் பெரியவர் தோன்றியதில்லை. "நீர்தானா?" என்று கேட்ட அதே மனிதரைப் பற்றி, கேட்ட அதே நேரத்தில் வந்த பேச்சு இது. கேள்வி கேட்டதால் யோவானின் இடம் ஒரு அங்குலமும் குறையவில்லை. அப்படியிருக்க, "நான் இன்னும் கிறிஸ்தவள்தானா" என்று நீங்கள் கேட்பதற்கு நான் என்ன பதில் சொல்ல?

அந்த மூன்றாம் ஞாயிறுக்கு 'மகிழ்ச்சி ஞாயிறு' என்று பேர். குருவானவர் ஊதாவை விட்டு ரோஜா நிற உடுப்பில் வருவார். ரோஜா நிறத்தைப் போர்த்திக்கொண்டு சிறைச்சாலைக் கதையை வாசிக்கிறோம். யார் இப்படிச் சேர்த்து வைத்தார்களோ, விவரமானவர்கள்.

இனி, பாட்டு வாயில் வராதது பற்றி.

இதில் கோயில்காரர்களாகிய எங்கள் மேல்தான் தப்பு. திருவருகைக்காலம் என்றால் ஊதா நிறம், 'உன்னதங்களிலே' கீதம் கிடையாது, அடக்கமான ஜோடனை. நாலு வாரம் நாம் கிறிஸ்து இன்னும் வராத உலகத்தில் நிற்கிறோம். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும் என்பது இந்தக் காலத்தின் இயல்பு. நாமோ டிசம்பர் முதல் தேதியே ஸ்டார் கட்டி, முதல் வாரத்திலேயே கேக் வெட்டி, பத்தாம் தேதிக்குள் கேரல்ஸ் வண்டியில் ஸ்பீக்கரைக் கட்டிவிடுகிறோம். காத்திருக்கிறவர்களுக்கென்று இருந்த ஒரே காலத்தையும் பிடுங்கிக்கொண்டோம். உங்கள் மாதிரி வீட்டில் இருக்கிறவர்களுக்கு வருடத்தில் நிற்பதற்கு ஒரு இடம் வேண்டாமா?

எனக்கே இது நடந்தது. 2011 நவம்பர் கடைசியில் என் வீட்டுக்காரம்மா இறந்தாள். பத்து நாள்கூட ஆகியிருக்காது, கேரல்ஸ் குழு டிரம்ஸோடு வாசலுக்கு வந்துவிட்டது. யாரும் அவர்களிடம் சொல்லவில்லையோ என்னவோ. முகமூடி போட்ட தாத்தா வேறு ஆடினார். நான் கதவைச் சாத்திவிட்டேன். பாட்டு நின்றது, கூட்டம் நகர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் குழுவோடு வந்த ஒரு பாட்டி மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. நானும் பேசவில்லை. மறுநாள் தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்து வைத்து, "சாப்பிடுங்க" என்றார். அதற்கடுத்த நாளும் வந்தார். அந்த வருடம் நான் கொண்டாடிய திருவருகைக்காலம் அவ்வளவுதான், அந்தப் போசி.

ஆகவே பாடாதீர்கள். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பாடுகிறவர்கள் நடுவில் சும்மா நில்லுங்கள். அவர்கள் உங்களுக்கும் சேர்த்துப் பாடட்டும். வீட்டில் வாசிக்க ஏதாவது வேண்டுமென்றால் 88-ஆம் திருப்பாடலை எடுங்கள். திருப்பாடல்களில் புலம்பல் நிறைய உண்டு, ஏறக்குறைய எல்லாமே கடைசியில் எங்கேயாவது ஒரு திருப்பத்தில் ஆறுதலுக்கு வந்துவிடும். இது வராது. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருட்டுதான். ஆனால் முதல் வரியில் "ஆண்டவரே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அவ்வளவு இருட்டையும் கொட்டுகிறார். அது போதும் என்று அதைத் தொகுத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். இன்னும் ஒன்று வேண்டுமென்றால் 130. விடியலுக்குக் காத்திருக்கும் காவல்காரரைவிட என் நெஞ்சம் காத்திருக்கிறது என்று அதையே இரண்டு தடவை சொல்லும். நைட் ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டாவது தடவை எதற்கு என்று தெரியும்.

விரக்தி பாவம் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். மறைக்கல்வி ஏட்டில் 'அவநம்பிக்கை' ஒரு பாவமாக இருப்பது உண்மை. 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியில் 2091-ஆம் எண். அங்கே சொல்லியிருப்பது, கடவுள் என்னை மீட்பார், மன்னிப்பார், உதவுவார் என்பதை ஒருவர் இனி எதிர்பார்ப்பதே இல்லை என்று விட்டுவிடுவது. தூக்கம் வராததும், சாப்பாடு இறங்காததும், ஜெபத்தில் வாய் வறண்டு போவதும் அந்தக் கணக்கில் சேராது. உங்கள் வீட்டுக்காரர் இப்போது இருக்கும் நிலை முதலில் நோய். அவரிடம் பாவக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாம் ஞாயிறு முதல் வாசகத்தில் எசாயா 11 வரும்: தாவீது அரசரின் தகப்பன் ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு தளிர். எனக்குக் காங்கேயத்துக்குத் தெற்கே ஊர். கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, பார்த்து வளர்ந்தவன். எங்கள் பக்கம் கொரங்காட்டுக்குக் கல் சுவர் கிடையாது, கிளுவை வேலிதான். கோடையில் பார்த்தால் இலையே இருக்காது, வெறும் குச்சியும் முள்ளும். சின்ன வயதில் பட்டுப்போச்சு என்று ஒரு குச்சியை ஒடிக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து, நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை. மழை விழுந்த சில நாளில் வேலி முழுக்க இலை. அதைவிட ஆச்சரியம் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது: ஞானிகள் பாலன் இயேசுவுக்குக் கொண்டுவந்த வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின் இருக்கிறதே, அதைத் தரும் மரமும் நம் கிளுவையும் ஒரே தாவரப் பேரினம். வெள்ளைப்போளத்தை நிக்கதேம் என்பவர் இயேசுவின் அடக்கத்துக்கும் கொண்டுவந்ததாக நற்செய்தியாளர் யோவான் எழுதுகிறார். கிறிஸ்துமஸ் குடிலில் நாம் வைக்கிற அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடக்கச் சாமானும் இருக்கிறது. குடில் ஜோடிக்கிறவர்கள் அதை யோசிப்பதில்லை, பரவாயில்லை.

மழை என்றதும், 14-ஆம் தேதி இரண்டாம் வாசகம் யாக்கோபு: முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையாகக் காத்திருக்கும் உழவரைப் பாருங்கள் என்கிறார். பாலஸ்தீனத்தில் முன்மாரி ஏறக்குறைய நம் ஐப்பசி மழைக் காலத்தில் வருவது. மானாவாரிக் காட்டுக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உழவன் சும்மா உட்கார்ந்து காத்திருக்கவில்லை. உழுது வைத்துவிட்டுத்தான் வானத்தைப் பார்க்கிறான்.

அந்த உழவு வேலையில் உங்களுக்குச் சில காரியங்கள் இருக்கின்றன. ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எது முந்துகிறது. மனதில் இருக்கும்போது கடன் பேய் மாதிரி வளரும்; தாளில் அது ஒரு தொகை, அவ்வளவுதான். ஒரு கடனை அடைக்க இன்னொரு வட்டிக்கு வாங்காதீர்கள். அநியாய வட்டி வசூலிப்பவர் யாராவது இருந்தால், தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்திருக்கிறது. வாசலில் நின்று மிரட்டினால் காவல்துறைக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ புகார் எழுதலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக்குழு) ஒரே ஒரு ஆளிடமாவது முழு விஷயத்தையும் சொல்லுங்கள். எல்லாரிடமும் வேண்டாம். பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால், உதவி செய்வதற்காகவே இருக்கிற சபை அது. கேட்பது பிச்சை இல்லை. அப்புறம் அந்த வசூல்காரர் வருகிற நாளில் வீட்டுக்காரர் தனியாக இருக்க வேண்டாம். நீங்களோ அன்பியத்து ஆளோ கூட இருங்கள்.

ஜெபம் என்று ஏதாவது செய்யத்தான் வேண்டுமென்று தோன்றினால், டிசம்பர் 17-லிருந்து 23 வரைக்கும் ஏழு நாளுக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. மாலை ஜெபத்தில் நாளுக்கு ஒரு விளிப்பு. எல்லாம் 'ஓ' என்று தொடங்கி, 'வாரும்' என்று கெஞ்சும். ஓ ஞானமே, ஓ ஆண்டவரே, ஓ ஈசாயின் வேரே, ஓ தாவீதின் திறவுகோலே, ஓ விடியலே, ஓ மக்களினத்தாரின் அரசரே, ஓ இம்மானுவேலே. 20-ஆம் தேதி திறவுகோல்: சிறை வீட்டில், இருளில் உட்கார்ந்திருப்பவரை வெளியே கொண்டுவாரும் என்று கேட்கிறது. யோவானுக்குப் போகாமல் விட்ட அந்த வரி இங்கே திரும்ப வருகிறது. 21-ஆம் தேதி விடியல். வருடத்திலேயே பகல் குறுகி, இரவு நீண்ட நாள்களை ஒட்டி. லத்தீனில் இந்த ஏழிலும் 'ஓ'-வுக்கு அடுத்து வரும் சொல்லின் முதல் எழுத்தை எடுத்துப் பின்னாலிருந்து கோத்தால் 'ஏரோ கிராஸ்' என்று வரும், 'நாளைக்கு இருப்பேன்' என்று அர்த்தம். வேண்டுமென்றே வைத்தார்களா, தற்செயலா, அதில் பிடிவாதம் வேண்டாம். நாளுக்கு ஒரு வரி போதும். அடுப்படியில் நின்றுகொண்டே சொல்லலாம். 'வாரும்' என்று சொல்ல உற்சாகம் தேவையில்லை. பசித்தவர்கூடச் சொல்லக்கூடிய சொல்தான்.

உங்கள் வீட்டுக்காரரை எப்படிக் கோயிலுக்குக் கூட்டி வருவது என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு அழுத்தாதீர்கள். கூப்பிடத்தான் வேண்டுமென்றால் 21-ஆம் தேதி, நாலாம் ஞாயிறு, ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் காலைப் பூசைக்கு, கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். பூசை முடிந்ததும் யாரும் வந்து குசலம் விசாரிப்பதற்குள் கிளம்பிவிடலாம். அன்றைய நற்செய்தி சூசையப்பருடையது. போட்டு வைத்த கணக்கெல்லாம் தப்பிப்போய், யாரிடமும் சொல்ல முடியாமல், என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போகிற மனிதர். நாலு நற்செய்திகளிலும் அவர் வாய் திறந்து சொன்ன ஒரு வார்த்தைகூடக் கிடையாது. வரவில்லை என்று சொன்னால் விட்டுவிடுங்கள். அன்றைக்கு அந்த நற்செய்தியை மட்டும் வீட்டில் அவர் காதில் விழும்படி வாசியுங்கள். மத்தேயு முதல் அதிகாரம், பதினெட்டாம் வசனத்திலிருந்து.